ஐந்து மூன்றானது: சிம் சந்தையில் பாவனையாளருக்கு யார் காவல்?

தெஹிவளை காலி வீதியில் எந்த ரீலோட் கடையிலும் 075 என்று தொடங்கும் இலக்கத்தைச் சொன்னால் பணம் போய்ச் சேருவது டயலொக்கிடம். 072 என்றால் ஹட்ச்சிடம். முன்பு அவை எயார்டெலுக்கும் எடிசலாட்டுக்கும் உரியவை.

2018இல் எடிசலாட் லங்காவை ஹட்ச் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2024 ஜூனில் எயார்டெல் லங்கா டயலொக் வசமானது. பதிலுக்கு இந்தியாவின் பார்த்தி எயார்டெலுக்கு டயலொக்கின் 10.355 சதவீதப் பங்கு கிடைத்தது. ஐந்து கம்பனிகள் மோதிய சந்தையில் இன்று டயலொக், எஸ்எல்டி-மொபிடெல், ஹட்ச் ஆகிய மூன்றே உள்ளன.

போட்டியால் என்ன கிடைத்தது?

2009இல் எயார்டெல் வந்ததும் அழைப்புக் கட்டணம் மளமளவென இறங்கியது. கம்பனிகள் தாக்குப்பிடிக்க வேண்டுமென்று, 2010இல் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழு குறைந்தபட்சக் கட்டணமே நிர்ணயிக்க வேண்டியிருந்தது. 2022 செப்டெம்பரில் அதே ஆணைக்குழுவின் அனுமதியுடன் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் ஏறின. ரூபாய் சரிந்ததும் எரிபொருள் விலை எகிறியதும் உண்மை. சிறிய கம்பனிகள் தனித்து நிற்கச் சிரமப்பட்டதும் உண்மை.

சட்டத்தில் எங்கே ஓட்டை?

1987ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தக ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் ஏகபோகத்தையும் கம்பனி இணைப்புகளையும் விசாரிக்க முடிந்தது. 2003இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை வந்தபோது அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. இணைப்புகளைப் பரிசீலிக்கும் அதிகாரம் புதிய சபைக்குக் கிடைக்கவில்லை. விலையைக் காட்சிப்படுத்தாமல் அரிசி விற்கும் கடையைப் பற்றி 1977க்கு அழைத்து முறையிடலாம். இரு பெருங்கம்பனிகள் ஒன்றாவதை அந்தச் சபையால் தடுக்க முடியாது.

தொலைத்தொடர்பில் அந்தப் பொறுப்பு ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுடையது. ஆனால் அது அரச நிறுவனம், எஸ்எல்டியின் 49.5 சதவீதப் பங்கும் அரசிடமே.

பிடிக்காவிட்டால் மாறலாமே?

வங்கி ஓடிபி, வாட்ஸ்அப், வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் அழைப்பு எல்லாம் ஒரே இலக்கத்தில் கட்டுண்டிருக்கும்போது மாறுவது லேசல்ல. இந்தியாவில் 2011 முதல் பழைய இலக்கத்துடனேயே கம்பனி மாறலாம்; இங்கே அந்த வசதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. அங்கே பெரிய இணைப்புகளுக்குப் போட்டி ஆணையத்தின் முன்அனுமதி தேவை. 2022இல் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும் அதே ஆணையந்தான்.

மூன்று கம்பனிகள் போதுமானவையாக இருக்கலாம். அதை முடிவுசெய்வது பங்குதாரராகவும் நடுவராகவும் இருக்கும் அரசாக இருக்கக் கூடாது. 2003இல் கைவிடப்பட்ட அதிகாரத்தை ஒரு சுதந்திரமான போட்டி ஆணைக்குழுவிடம் கொடுத்தால்தான், அடுத்த இணைப்பின்போதாவது பாவனையாளரின் தரப்பு விசாரிக்கப்படும்.