உங்களுக்குத் தெரியுமா? மலேரியா போயிற்று, நொதியக் குறை போகவில்லை

● உலகில் அதிகம் பேருக்கு இருக்கும் பரம்பரை நொதியக் குறைபாடு ஜி6பிடி குறைபாடு. ஏறத்தாழ 40 கோடிப் பேர் அதோடு வாழ்கிறார்கள். தமக்கு அது இருப்பதே அவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ளாத ஒன்று உள்ளே போகும்வரை பெரும்பாலும் நோயென்று சொல்ல எதுவும் இராது.

● செங்குருதிக் கலத்துக்குக் கரு இல்லை. என்புமச்சையிலிருந்து புறப்படும்போது கையிலிருக்கும் நொதியத்தைக் கொண்டே சுமார் 120 நாளை ஓட்டவேண்டும். புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. ஒட்சியேற்றத்தால் கலம் சிதையாமல் காக்கும் வேலை ஜி6பிடி நொதியத்தைத்தான் நம்பியிருக்கிறது. அது போதாதபோது ஈமோகுளோபின் திரண்டு, கலம் உடைகிறது. கண் மஞ்சளாகும், உடல் சோரும், சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகும்.

● இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு சிறைச்சாலை. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ஸ்டேட்வில் சிறைக் கைதிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவைத் தொற்றவைத்து மருந்துகளைச் சோதித்துவந்தார்கள். பிரைமாகுயின் கொடுத்தபோது கறுப்பினக் கைதிகளில் ஒரு பகுதியினருக்குக் குருதி உடைந்தது. ஏனென்று தேடியவர்கள், கோளாறு மருந்தில் அல்ல, அந்தக் கலங்களின் நொதியத்தில் என்று 1956இல் அறிவித்தார்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பவன் கொடுக்கும் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது வேறு கேள்வி. கண்டுபிடிப்பைக் கொண்டாடும் பல கட்டுரைகள் அந்தப் பக்கம் போவதில்லை.

● இலங்கையின் மாத்தளை மாவட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மலேரியாதான். மாவட்டத்தின் தெற்கே குளிர்ந்த மலை. வடக்கே இறங்கினால் கலேவெல, தம்புள்ளை, கிழக்கே வில்கமுவ என்று குளமும் வயலும் காடும் கலந்த வெப்பநிலம். நன்னீரில் பெருகும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு ஏற்ற இடம். மாவட்ட எல்லையை ஒட்டிய எலஹெரவில் இரத்தினக்கல் தோண்டிக் கைவிட்ட குழிகளும் மழைநீர் தேங்கி நுளம்பு வளர்த்தன. 1934-35 பெருங்கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். பிறகு டி.டி.டீ. தெளித்து, 1963இல் தீவு முழுவதற்கும் 17 நோயாளிகள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கை தளர்ந்தது. 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது!

● இங்கே அதிகம் பரவியது விவாக்ஸ் வகை. அது ஈரலில் ஒளிந்திருந்து, மாதங்கள் கழித்து மீண்டும் காய்ச்சலாக எழும். ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லப் பல பத்தாண்டுகளாக இருந்த ஒரே மருந்து பிரைமாகுயின், 14 நாள். அதாவது, ஸ்டேட்வில்லில் குருதியை உடைத்த அதே மாத்திரை.

● ஆகவே, மலேரியா பரவிய ஊர்களில் எத்தனை பேருக்கு இந்தக் குறை என்று அறிவது வெறும் ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. வடமத்திய மாகாணத்தில் நடந்த கணக்கெடுப்பு 1976இல் வெளிவந்தது. அநுராதபுரம், குருநாகல் மாவட்டங்களில் நடந்த ஆய்வு 2017இல். இவை மாத்தளையை வடக்கிலும் மேற்கிலும் தொட்டுக்கொண்டிருக்கும் நிலங்கள். குருதிக்கு மாவட்ட எல்லை தெரியாது.

● 1880இல் மாத்தளைக்கு ரயில் வருமுன், தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாகக் கால்நடையாக வந்தார்கள். பாதை முழுக்கக் காய்ச்சல் காடு. அவர்கள் புறப்பட்டுவந்த இந்தியாவில் இந்தக் குறைபாட்டின் மத்தியதரை, கேரளா-கல்யாண், ஒரிசா என்ற மூன்று வகைகள் அதிகம் காணப்படுகின்றன.

● குறைபாடு ஏன் இத்தனை தலைமுறை அழியாமல் நிற்கிறது? மலேரியாக் கிருமிக்கு இந்தக் கலங்கள் வசதியில்லாத வீடு. 1969இல் நைஜீரியாவின் இபடானில் லூசியோ லுசாட்டோ குழுவினர் இதை அழகாகக் காட்டினார்கள். குறைபாட்டைப் பாதி சுமக்கும் பெண்ணின் உடலில் நல்ல கலமும் குறைக்கலமும் கலந்தே ஓடும். அப்படிப்பட்டவர்களுக்கு மலேரியா வந்தபோது, கிருமி பெரும்பாலும் நல்ல கலங்களில்தான் இருந்தது. ஒரே உடலிலேயே ஒப்பீடு!

● ஜி6பிடிக்கான பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் குறைபாடு ஆண்களையே அதிகம் தாக்கும். தந்தையிடமிருந்து மகனுக்குப் போகாது. மகள்மார் எல்லோருக்கும் போகும். தாய் பாதி சுமப்பவராயின், ஒவ்வொரு மகனுக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி.

● குருதி உடைந்த கையோடு பரிசோதித்தால் முடிவு “சரி” என்று வரக்கூடும். முதிய கலங்கள் அழிந்து, நொதியம் நிறைந்த இளங்கலங்கள் மட்டும் மிஞ்சியிருப்பதே காரணம். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது நல்லது.

● “பீன்ஸ் சாப்பிடக்கூடாது” என்று கேட்டுவிட்டுப் பிள்ளைக்குப் போஞ்சியையும் பயற்றங்காயையும் நிறுத்தும் வீடுகள் உண்டு. பாவம் பிள்ளை! ஆபத்து மத்தியதரைக் கடல் நாடுகளில் உண்ணும் ஃபாவா அவரையில். அதிலுள்ள விசின், கொன்விசின் என்ற பொருள்கள்தான் கலத்தை உடைப்பவை. போஞ்சிக்கு அந்தக் குற்றம் இல்லை.

● அலுமாரியில் துணிக்குள் போடும் நப்தலின் உருண்டைக்கு அந்தக் குற்றம் உண்டு. அந்த வாசனை ஏறிய துணியில் பச்சைக்குழந்தையைச் சுற்றினாலே, குறைபாடுள்ள குழந்தைக்குக் கடும் செங்கமாரி வரலாம். மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். குழந்தைகளின் தோலில் மருதோன்றி பூசியதால் குருதி உடைந்த சம்பவங்களும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தொழுநோய்க்குக் கொடுக்கும் டாப்சோனும், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபியூரன்டோயினும் எச்சரிக்கைப் பட்டியலில் இருப்பவை.

● இலங்கையில் உள்ளூரிலேயே பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆனாலும் வெளிநாடு போய் வருவோருடன் விவாக்ஸும் வந்துகொண்டிருக்கிறது, பிரைமாகுயினுக்கும் ஓய்வில்லை. கடும் குறைபாடு உள்ளவருக்கு 14 நாள் தினசரி மாத்திரைக்குப் பதிலாக, மருத்துவக் கண்காணிப்பில் வாரம் ஒருமுறை எட்டு வாரம் கொடுக்கும் முறை உண்டு.

● 2018இல் அமெரிக்கா அனுமதித்த டஃபெனோகுயின் ஒரே தடவையில் வேலையை முடிக்கும். ஆனால் உடலில் வாரக்கணக்கில் தங்கும். பிரைமாகுயின் போல இடையில் நிறுத்தித் தப்ப முடியாது. அதனால் நொதியத்தின் செயற்பாடு 70 சதவீதத்துக்கு மேல் என்று அளந்து பார்த்த பிறகே கொடுக்கலாம்.