டிராம்போன் குறித்த இணைய ஆய்வு வளங்கள்: தேடுசொற்களும் சான்று மதிப்பும் (குமணன்சாவடி – பூந்தமல்லிப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

டிராம்போன் ஐரோப்பாவில் தோன்றிய பித்தளைத் துளைக்கருவியாகும். படை இசைக்குழு, தேவாலயம், ஊர்வல பேண்டு, திரையிசை எனப் பல வழிகளில் இக்கருவி தமிழகத்தில் ஒலித்து வந்துள்ளது. ஆயினும், இதனைப் பற்றித் தமிழில் இணையத்தில் தேடும் ஆய்வாளர் பெறும் விடைகள் மிகச் சிலவே. இக்குறை வரலாற்றின் குறையன்று. பெயரிடல், எழுத்துக்கூட்டல், பட்டியலிடல் ஆகியவற்றால் நேரும் குறை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. டிராம்போன் இசைப்போருக்கும் இசை ஆய்வாளருக்கும் பயன்படும் இணைய வளங்களை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எவ்வகை வினாவிற்குச் சான்றாகும் என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டிராம்போன், பேண்டு வாத்தியம், இணைய வளங்கள், தேடுசொல், பூந்தமல்லி, சான்று மதிப்பு.

முன்னுரை

மேலைநாட்டுக் கருவிகளுள் வயலின், கிளாரினெட், சாக்சபோன், மாண்டலின் ஆகியவை கருநாடக இசையரங்கில் இடம்பெற்றுவிட்டன. அவை தனியிசைக் கருவிகளாக வளர்ந்தமையால் அவற்றோடு கலைஞர்களின் பெயர்களும் நிலைத்தன. சாக்சபோன் என்றதும் கத்ரி கோபால்நாத்தும், மாண்டலின் என்றதும் உ. ஸ்ரீநிவாஸும் நினைவுக்கு வருகின்றனர். கலைஞரின் பெயர் கிடைத்தால் அதனைத் தேடுசொல்லாகக் கொண்டு நேர்காணல், ஒலிப்பதிவு, ஆய்வேடு என ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல இயலும்.

டிராம்போனின் நிலை வேறு. இக்கருவி தமிழகத்தில் பெரும்பாலும் குழுவிற்குள் நின்று ஒலித்தது. படையணியின் பதிவேட்டில் அதனை வாசித்தவர் ‘பேண்டுக்காரர்’ ஆனார். திரைப்பாடலின் இசைத்தட்டு உறையிலோ இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் ஆகியோரின் பெயர்களே இடம்பெற்றன. எனவே கருவியின் பெயரைக் கொண்டு மட்டும் தேடும் ஆய்வாளர், ஒன்றும் கிடைக்காத நிலையில், தமிழகத்தில் இதற்கு வரலாறே இல்லை என்னும் பிழையான முடிவிற்கு வர நேரிடும். அம்முடிவைத் தவிர்ப்பதற்கான தேடல் நெறியை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவியின் இயல்பும் பெயர்களும்

டிராம்போன் 15ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. ‘பெரிய எக்காளம்’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லே இதன் பெயராயிற்று. கிண்ண வடிவ வாய்முனையில் உதடுகளை அதிரச்செய்து, ‘ஸ்லைடு’ எனப்படும் குழாயை நீட்டியும் சுருக்கியும் சுரங்களைப் பெறுவர். டெனர் டிராம்போனில் ஸ்லைடுக்கு 7 நிலைகள் உள்ளன. முதல் நிலையிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் நீட்டும்போது சுரம் அரைச்சுர அளவில் தாழும். இந்நிலைகளுக்கு இடைப்பட்ட எவ்விடத்திலும் குழாயை நிறுத்தலாம் என்பதால், குறிப்பிட்ட எல்லைக்குள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இடைமுறிவின்றி வழுக்கிச் செல்ல முடியும். கமகம் பற்றிய ஆய்விற்கு இவ்வியல்பு கருதத்தக்கதாகும்.

இக்கருவிக்குப் பல பெயர்கள் வழங்கின. பழைய ஆங்கில ஆவணங்களில் இது ‘சாக்பட்’ எனப்பட்டது. செருமன் மொழியில் இதன் பெயர் ‘போசவுனெ’ என்பதாகும். லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பிலும் இச்சொல்லே எக்காளத்தைக் குறிக்க வருகிறது. மேலும், ‘போசவுனென்கோர்’ என்னும் தொடர் டிராம்போன் மட்டுமன்றி, எக்காளம் முதலிய பிற பித்தளைக் கருவிகளும் சேர்ந்த திருச்சபை இசைக்குழுவைக் குறிக்கும். 1706இல் தொடங்கிய தரங்கம்பாடி மிஷன் தொடர்பான செருமன் ஆவணங்கள் ஹாலே நகரின் பிராங்கே நிறுவனத்தில் பேணப்படுகின்றன. அத்தகைய ஆவணங்களில் இச்சொல்லைக் காணும் ஆய்வாளர், அது கருவியா, விவிலிய உவமையா, இசைக்குழுவா என்பதைச் சூழல்கொண்டு துணிய வேண்டும்.

கருவிப் பகுப்பிலும் கவனம் தேவை. தமிழ் மரபில் இது துளைக்கருவியுள் அடங்கும். 1914இல் வெளிவந்த ஹார்ன்போஸ்டல் – சாக்ஸ் பகுப்பில் ஸ்லைடு டிராம்போனின் எண் 423.22 ஆகும். வால்வு பொருத்திய டிராம்போனும் உண்டு, அது 423.23 என்னும் பிரிவின்கீழ் வரும். எனவே பழைய நிழற்படத்தில் டிராம்போன் எனக் குறிக்கப்பட்ட கருவி எவ்வகையினது என்பதைப் படத்தைக் கண்டே முடிவு செய்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துக்கூட்டலும் குறியாக்கமும்

தமிழில் டிராம்போன், ட்ராம்போன், டிராம்போண், ட்ரோம்போன் எனப் பலவாறு எழுத இடமுண்டு. மனிதக் கண்ணுக்கு இவை ஒரே சொல்லின் வேறுபாடுகளே. கணினிக்கு ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துக்கோவை. ஆதலால் ஒரு வடிவத்தைக் கொண்டு தேடினால் மற்ற வடிவங்கள் அகப்படாமற் போகலாம்.

இதனினும் இன்றியமையாதது குழுப்பெயர் கொண்டு தேடுதல். பேண்டு வாத்தியம், பாண்டு வாத்தியம், பேண்டு செட், பேண்டு மேளம் ஆகிய சொற்கள் வழக்கில் உள்ளன. திருமண அழைப்பு, கோயில் விழா அறிவிப்பு, தேர்ப்பவனி நிகழ்ச்சிநிரல், இறப்பு ஊர்வலச் செய்தி முதலியவற்றில் இச்சொற்களுள் ஒன்று இருக்குமேயன்றி டிராம்போன் என்னும் பெயர் இருப்பது அரிது.

குறியாக்கம் மற்றொரு தடையாகும். ஒருங்குறி பரவுவதற்கு முன் தாப், தாம், திஸ்கி முதலிய குறியாக்கங்களில் உருவான தமிழ்ப் பக்கங்கள் இன்றைய தேடுபொறியில் அகப்படுவதில்லை. தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது 2010இல்தான். மேலும், பக்கப் படங்களாக மட்டும் மின்வருடப்பட்ட பழைய நூல்களில் சொல் தேடல் இயலாது. அவற்றைப் பொருளடக்கம், வெளியீட்டு ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தெரிவுசெய்து, பக்கம் பக்கமாகப் படிப்பதே வழி.

பன்னாட்டு வளங்கள்

பன்னாட்டு வளங்களை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, வாசிப்போருக்கான வளம். 1972இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு டிராம்போன் சங்கம் தனக்கென ஓர் இதழை நடத்துகிறது. பயிற்சி முறை, இசைக்கோவை அறிமுகம், கலைஞர் நேர்காணல் ஆகியவற்றிற்கு இது முதன்மையான இடம். 2006இல் தொடங்கிய ஐ.எம்.எஸ்.எல்.பி. என்னும் பெட்ரூச்சி இசை நூலகம் பதிப்புரிமை நீங்கிய இசைக்கோவைகளைத் தருகிறது. பெர்டினாண்ட் டேவிட் 1837இல் இயற்றிய கான்செர்டினோ போன்ற, டிராம்போன் பயில்வோர் அனைவரும் எதிர்கொள்ளும் படைப்புகளை இதன்வழிப் பெறலாம்.

இரண்டாவது, வரலாற்று ஆய்விற்கான வளம். 1988இல் தோன்றிய வரலாற்றுப் பித்தளைக் கருவிச் சங்கத்தின் ஆண்டிதழ்க் கட்டுரைகள் இணையத்தில் கிடைக்கின்றன. டிரெவர் ஹெர்பர்ட் எழுதி 2006இல் யேல் பல்கலைக்கழகம் வெளியிட்ட ‘தி டிராம்போன்’ என்னும் நூல் கருவியின் வரலாற்றை முழுமையாகத் தருகிறது. குடியேற்ற நாடுகளுக்குப் பித்தளை இசைக்குழுக்கள் பரவியதை அவரும் மார்கரெட் சர்கிசியனும் 1997இல் எழுதிய கட்டுரை ஆராய்கிறது. இந்தியத் திருமண பேண்டுகளைப் பற்றிக் கிரெகரி பூத் எழுதிய ‘பிராஸ் பாஜா’ 2005இல் வெளிவந்தது. தமிழக ஆய்வாளர் இந்நூல்களின் துணைநூற்பட்டியலைத் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, பொருட்சான்று வளம். 2011இல் செயற்பாட்டிற்கு வந்த மிமோ என்னும் இணையத்தளம் பல அருங்காட்சியகங்களின் இசைக்கருவிகளை ஒரே இடத்தில் தேட உதவுகிறது. கருவியில் பொறித்த செய்நர் பெயரைக் கொண்டு அதன் காலத்தையும் ஊரையும் அறிய இது துணைபுரியும். இந்தியாவில் பித்தளைக் கருவி செய்வதற்குப் பெயர்பெற்ற ஊர் மீரட் என்பதும் ஈண்டுக் கருதத்தக்கது.

இந்திய, தமிழக, ஈழத்து வளங்கள்

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஆய்வேடுகளின் மின்படியை அளிப்பதைக் கட்டாயமாக்கின. அவ்வேடுகளைத் தாங்கும் ‘சோத்கங்கா’வில் இசைத்துறையோடு நின்றுவிடாமல், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல், இதழியல் துறை ஆய்வேடுகளிலும் தேட வேண்டும். ஊர்வல இசை பற்றிய செய்தி சடங்கு பற்றிய இயலிலும், படை இசை பற்றிய செய்தி நகர வரலாற்று இயலிலும் அமைந்திருக்கக்கூடும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் உரியது. தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் உள்ளன. 1982இல் தொடங்கப்பெற்று, இப்போது குருகிராமில் இயங்கும் இசைப்பண்பாட்டு ஆவண மையம் களப்பதிவுகளைப் பேணுகிறது. ஈழத்து ‘நூலகம்’ மின்னூலகத்திலுள்ள பாடசாலை மலர்கள், அங்குள்ள பள்ளி இசைக்குழுக்களைத் தேடுவோர் புரட்ட வேண்டியவை.

தமிழ்நிலத்தில் மேலையிசை வேரூன்றிய வரலாற்றுக்கு இரண்டாம் சரபோசியின் தஞ்சை அரண்மனை இசைக்குழுவும், சரசுவதி மகால் நூலகத்திலுள்ள மேலையிசைக் கோவைகளும் சான்று பகர்கின்றன. முத்துசாமி தீட்சிதரின் நோட்டுசுர சாகித்தியங்கள் பேண்டு மெட்டுகளின் செல்வாக்கிற்கு எடுத்துக்காட்டாகும். 1893இல் ஏ. எம். சின்னசாமி முதலியார் வெளியிட்ட, கீழையிசையை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் தரும் நூல் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இவை அனைத்தும் டிராம்போனை நேரே சுட்டுவன அல்ல. அக்கருவி இயங்கிய இசைச் சூழலுக்குச் சான்றாவன. இவ்வேறுபாட்டைக் காத்தல் ஆய்வாளர் கடமையாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: குமணன்சாவடியும் பூந்தமல்லியும்

மேற்கண்ட நெறியை ஓர் ஊரில் பொருத்திக் காணலாம். சென்னையின் மேற்குப் புறநகரான குமணன்சாவடி, பரங்கிமலை – பூந்தமல்லிச் சாலையில் அமைந்துள்ளது. சென்னை மாகாணப் பீரங்கிப்படையின் தலைமையிடம் பரங்கிமலை. பூந்தமல்லியோ 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைவீரர் தங்குமிடமாக விளங்கியது. ஆகவே குமணன்சாவடி இரு படைநிலைகளை இணைத்த சாலையில் உள்ள ஊராகிறது. இப்பகுதியில் பித்தளை இசைக்குழு எப்போது, எவரால் ஒலித்தது என்னும் வினாவை எழுப்ப இது போதுமான அடிப்படையாகும். ஆனால் அது வினாவே. விடை ஆவணத்தில் கிடைக்க வேண்டும்.

‘குமணன்சாவடி டிராம்போன்’ எனத் தேடுவதால் பயன் விளையாது. படை ஆவணங்கள் படைநிலையின் பெயராலேயே அமைந்தவை. பூந்தமல்லி என்பதும் தமிழில் பூவிருந்தவல்லி எனவும், ஆங்கிலத்தில் லகர ஒற்று ஒன்றாகவும் இரண்டாகவும் மாறி எழுதப்பட்டும் காணப்படுகிறது. எனவே ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் பேண்டுமாஸ்டர், பேண்டுக்காரர், டிரம்மர், பைஃபர் என்னும் பணிப்பெயர்களின் ஆங்கில வடிவங்களோடு இணைத்துத் தேடுதல் வேண்டும்.

பணிப்பெயர் வழியாகத் தேடுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தாய் தந்தை இருவழியிலும் ஐரோப்பியர் அல்லாதவர், குழலூதுவோர், முரசறைவோர், பேண்டுக்காரர், இலாடக்காரர் ஆகிய பணிகளிலன்றிப் படையில் சேரக்கூடாது எனக் கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் ஆணையிட்டது. இவ்வாணையால் படை இசையின் வரலாறு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் வரலாற்றோடு பின்னிப்பிணைந்தது. ஆகவே, பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களோடு, ‘பிரித்தானிய இந்தியாவில் குடும்பங்கள்’ என்னும் கழகத்தின் கட்டணமற்ற தரவுத்தளமும் இசை ஆய்வாளருக்கு உரியதாகிறது. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகளில் தந்தையின் அல்லது மணமகனின் தொழில் குறிக்கப்பட்டிருப்பின், இசைக்கலைஞரின் பெயர் அங்கு வெளிப்படும். இசைப் பட்டியலில் இல்லாத பெயர் குடும்பப் பதிவேட்டில் இருக்கக்கூடும் என்பதே இவ்வெடுத்துக்காட்டு உணர்த்தும் செய்தி.

பதிப்புரிமையும் நிலைபேறும்

இணையத்தில் கிடைப்பதெல்லாம் எங்கும் பயன்படுத்தத்தக்கதன்று. இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது 70 ஆண்டுகள். லவ்னி குரோண்டால் 1924இல் இயற்றிய டிராம்போன் கான்செர்டோவைச் சான்றாகக் கொள்ளலாம். அவர் 1960இல் மறைந்தார். எனவே இந்தியாவில் அதன் காப்பு 2020 இறுதியோடு முடிவுற்றது. டென்மார்க்கில் 2030 இறுதிவரை நீடிக்கிறது. இது மூல இசைக்கோவைக்கே பொருந்தும். ஒலிப்பதிவிற்குத் தனி உரிமைக்காலம் உண்டு.

இணைய வளம் நிலையானதுமன்று. 2023 அக்டோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின. ஆதலால் முகவரியை மட்டும் குறித்துக்கொள்ளாமல், ஆவண எண், தொகுதி, பக்கம், பார்த்த நாள் ஆகியவற்றையும் பதிவுசெய்தல் வேண்டும். காணொளிகளைப் பொறுத்தவரை, பதிவேற்றிய நாள் நிகழ்ச்சி நடந்த நாளாகாது. ஊர்வல பேண்டின் காணொளி ஒன்று இசைக்கருவிகளின் அமைப்பிற்குச் சான்றாகலாம். காலத்திற்கும் இடத்திற்கும் வேறு சான்று வேண்டும்.

முடிவுரை

டிராம்போன் குறித்த இணையத் தேடல் கருவியின் பெயரில் தொடங்கலாம். அங்கேயே முடிதல் கூடாது. குழுப்பெயர், பணிப்பெயர், பழைய ஊர்ப்பெயர், பிறமொழிப் பெயர் என விரியும்போதே தமிழக வரலாறு புலப்படும். இசைக்கோவைத் தளம் எதனை வாசிப்பது என்பதற்கும், ஆய்விதழ் கருவியின் வரலாற்றிற்கும், பதிவேடு வாசித்தவர் எவர் என்பதற்கும் விடை தருகின்றன. ஒன்றின் விடையை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் பிழை.

இவ்வளவு தேடியும் நிரம்பாத இடம் ஒன்று உண்டு. புறநகர் பேண்டுக் குழுக்களில் வாசித்து முதுமையடைந்த கலைஞர்களின் நினைவுகள் எத்தளத்திலும் இல்லாவிடின், அவற்றைத் தேடிப் பெற இயலாது. கேட்டுப் பதிவுசெய்யவே இயலும். எவரிடம் பயின்றனர், கருவியை எங்கு வாங்கினர், எம்மெட்டுகளை எந்நிகழ்ச்சியில் வாசித்தனர் என்பவற்றை அவர்தம் இசைவோடு பதிவுசெய்து, பேண்டு வாத்தியம், டிராம்போன் ஆகிய இரு பெயர்களிலும் பட்டியலிட்டு, பொது ஆவணகம் ஒன்றில் சேர்ப்பது பல்கலைக்கழக ஆய்வாளர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். அடுத்து வரும் ஆய்வாளரின் தேடலுக்கு அப்பதிவே விடையாக அமையும்.