கடைமடைக்கு வந்த மாத்திரை

வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் தெருப் பையன்கள் எல்லோரும் காணாமல் போய்விடுவோம். ஒளிந்துகொள்ளப் பேராவூரணியில் தென்னந்தோப்புக்கா பஞ்சம்? காரணம், சுகாதாரத் துறை அக்கா. வீடு வீடாக வந்து யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுப்பார். பெரியவர்களுக்கு மூன்று, எங்கள் வயசுக்கு இரண்டு.

"என் கண்ணு முன்னாடியே முழுங்குடா தம்பி!"

நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொள்வேன். அக்கா தெருமுனை தாண்டியதும் கொல்லைத் தென்னைக்குத் தானம். அந்த மரத்துக்கு இதுவரை யானைக்கால் வரவில்லை!

ஒரு தடவை அப்பாயி பார்த்துவிட்டாள். திட்டவில்லை. புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். "இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனேன், சொல்லு?"

அதற்கப்புறம் நான் துப்பியதில்லை.

பின்னால்தான் தெரிந்தது. அந்த மாத்திரை, பல வருஷம் வீங்கிப்போன காலைப் பழையபடி ஆக்காது. ரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளைக் கொன்று, கொசு மூலம் அடுத்தவருக்குப் போகாமல் தடுக்கும். அவ்வளவுதான். அப்படியானால் அப்பாயி வருஷா வருஷம் மூன்றையும் முழுங்கியது யாருக்காக?

அவள் போய்ச் சேர்ந்த பிறகு, அந்த மருந்தைத் தந்த புண்ணியவான் யார் என்று தேடினேன். பி.காம். படித்தவனுக்கு மருந்து தெரியாது. டெபிட், கிரெடிட் தெரியும். தேடிக் கிடைத்தவர் கணக்கில் கிரெடிட் பக்கம் ஏறக்குறையக் காலி!

பெயர், எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூன்றாவது முயற்சியில்தான் பாஸ், அதுவும் நம்ம திருவல்லிக்கேணி இந்து ஹைஸ்கூலில். (அரியர்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் நிமிர்ந்து உட்காரலாம்.) மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபம்; எம்.பி.பி.எஸ். போய், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் மிஞ்சியது. மனைவியை ஊரில் விட்டுவிட்டு அமெரிக்கா போனார். டாக்டர் பட்டத்தோடு போனவர் பாஸ்டனில் ஆஸ்பத்திரிச் சிப்பந்தியாக நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவினார்.

ஹார்வர்டில் அவர் செய்த வேலையில் பாதி வெளிச்சத்துக்கே வரவில்லை. அதில் சிலவற்றை மற்றவர்கள் பல வருஷம் கழித்து மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, அதே ஹார்வர்டில் படித்து 1988-ல் நோபல் பரிசு வாங்கிய ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் சொன்னார்.

நாமாக இருந்தால் என்ன செய்வோம்? நான் ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்து போட்ட ஸ்டேட்மென்ட்டைத் தன் பெயரில் கொண்டுபோன ஓர் அதிகாரியை எனக்குத் தெரியும். "நமக்கும் ஒரு காலம் வரும், அப்ப வச்சுக்கறேன்" என்று கறுவியிருக்கிறேன்.

சுப்பாராவுக்குக் காலம் வந்தது. 1940-ல் லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்து ஆராய்ச்சிக்கே தலைவரானார். ஃபோலிக் அமிலம், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலாக அடக்கிய அமினோப்டெரின், எங்கள் தெருவுக்கு வந்த டைஎதில்கார்பமசின் எல்லாம் அங்கே பிறந்தவை. எழுபதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் ஆரியோமைசினைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். அறிவிப்புக் கூட்டங்களில் பேசியது கூட வேலை பார்த்தவர்கள். தலைவரோ பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார். தனக்கு மறுக்கப்பட்டதை அடுத்தவனுக்குக் கொடுப்பது எத்தனை பேரால் முடியும் சார்?

1948 ஆகஸ்டில், 53 வயதில் தூக்கத்திலேயே போய்விட்டார். ஊர் திரும்பவேயில்லை. 1995-ல், நூற்றாண்டுக்கு, நம் அரசாங்கம் தபால்தலை வெளியிட்டது.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேர்ந்தாலே அது செய்தி. அவர் மருந்து கடைமடை வரைக்கும் வந்தது. பெயர்தான் வழியிலேயே நின்றுவிட்டது.

என்னாலானது, கொஞ்சம் தூர் வாரியிருக்கிறேன்.