எழுபது வளைவா? ஒரே கயிறா? கொல்லிமலைக்கு எது நல்லது?

"கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள். மோந்து பார்த்தால் தலை சுற்றாது!"

கொல்லிமலை பஸ்சில் முதல் தடவை ஏறுகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்லும் யோசனை இது.

காரணம், அந்த மலைப்பாதை!

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்ற அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிறது. மேலே சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்புகிறார். எதிரே வண்டி வந்தால் ஒன்று நிற்க வேண்டும். மற்றது போக வேண்டும்.

இப்படி ஏறி இறங்கிக் களைத்தவர்கள் மனதில் ஒரு ஆசை எழுவது இயற்கை.

"பழனியில் இருப்பதுபோல் இங்கும் ஒரு ரோப் கார் வந்தால் என்ன? வளைவும் வேண்டாம், வாந்தியும் வேண்டாம். நேராக மேலே போய்விடலாமே!"

நல்ல ஆசைதான். ஆனால் அது யாருக்கு உதவும்? அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

பழனியில் நடந்தது

பழனி மலைக்கு விஞ்ச் ரயில் 1966-ம் ஆண்டில் வந்தது. ரோப் கார் 2004-ம் ஆண்டில் வந்தது. படி ஏற முடியாத கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் அதனால் முருகனைச் சிரமம் இல்லாமல் தரிசிக்கிறார்கள்.

ரோப் கார் ஓடும் விதம் எளிது. மேலே ஒரு பெரிய சக்கரம். கீழே ஒரு பெரிய சக்கரம். இரண்டையும் சுற்றி ஒரு இரும்புக் கயிறு. கயிற்றில் பெட்டிகள் தொங்குகின்றன. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஒரு பக்கம் பெட்டி ஏறும்போது, மறுபக்கம் பெட்டி இறங்குகிறது.

பலத்த காற்று அடித்தால் அதை நிறுத்திவிடுவார்கள். ஆண்டுதோறும் பராமரிப்பு வேலைக்காகவும் பல நாள் நிறுத்துவார்கள். அப்போது பக்தர்களுக்கு விஞ்ச் இருக்கிறது, படியும் இருக்கிறது.

பழனியில் எல்லோரும் போகும் இடம் ஒன்றே ஒன்று. மலை உச்சிக் கோவில்! அதனால் ஒரு கயிறு போதும்.

இங்கே 14 நாடு!

கொல்லிமலை அப்படி அல்ல. அது ஒரு உச்சி இல்லை; மலைமேல் விரிந்து கிடக்கும் ஒரு சிறு தேசம்!

வளவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு என்று 14 நாடுகள் அங்கே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஊராட்சி. ஒவ்வொன்றிலும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள். சுமார் 40 ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். பெரும்பாலோர் பழங்குடி மக்கள்.

மிளகு, காபி, வாழை, பலா, அன்னாசி எல்லாம் அங்கே விளைகின்றன. அவை மூட்டையாகச் சந்தைக்கு வர வேண்டும். பிறகு மலை இறங்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். நடுராத்திரியில் பிரசவ வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

ரோப் கார் வந்தால், மலைமேல் ஓர் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஆகாய கங்கை அருவி பார்க்க வந்தவருக்கும், அறப்பளீசுவரர் கோவிலுக்கு வந்தவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அங்கிருந்து பல மைல் தள்ளி இருக்கும் கிராமத்துக்குப் போகிற தாய்க்கு?

அவளுக்கு அப்போதும் பஸ்தான் வேண்டும்!

சென்னை டிராம் சொல்லும் பாடம்

இதே வழக்கு ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்திலும் இருந்தது.

1895-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். குதிரை இல்லாமல் ஓடும் வண்டியை ஜனங்கள் வாய் பிளந்து பார்த்தார்கள். 1921-ம் ஆண்டில் 24 கிலோ மீட்டர் பாதையில் 97 வண்டிகள் இருந்தன.

ஆனால் டிராம் தண்டவாளம் போட்ட தெருவில் மட்டும்தான் போகும். நகரம் வளர்ந்தது; புதுப்புது இடங்களில் வீடுகள் எழுந்தன. பஸ் அங்கெல்லாம் போயிற்று. டிராம் போக முடியவில்லை. கம்பெனி நொடித்தது. 1953-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தோடு டிராம் நின்றது.

கதை அதோடு முடியவில்லை. தண்டவாளத்தைக் கைவிட்ட அதே சென்னை, 62 ஆண்டுகள் கழித்து, 2015-ம் ஆண்டில் மெட்ரோ ரெயிலை ஓடவிட்டது!

இதிலிருந்து தெரிவது என்ன? தண்டவாளமும் கயிறும் கெட்டவை அல்ல. ஒரே வழியில் தினமும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகும் இடத்தில் அவை தங்கம். நாலா பக்கமும் சிதறி வாழும் இடத்தில் பஸ்தான் தெய்வம்.

ஏழைகளுக்காக ஓடும் கயிறு

"அப்படியானால் மலைவாசிகளுக்கு ரோப் கார் உதவவே உதவாதா?" என்று கேட்கலாம்.

உதவும். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாட்டில் மெடலின் என்று ஒரு நகரம். அங்கே மலைச்சரிவில் ஏழைகள் நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். பழனிக்கு ரோப் கார் வந்த அதே 2004-ம் ஆண்டில் அவர்களுக்கும் ஒன்று வந்தது. அது வேடிக்கை பார்க்க வந்தது அல்ல; வேலைக்குப் போக வந்தது. கீழே இறங்கினால் மெட்ரோ ரெயில் நிலையம் காத்திருக்கிறது.

ஆபத்தையும் மறக்கக் கூடாது. 2022-ம் ஆண்டு ஏப்ரலில் ஜார்க்கண்ட் மாநிலம் தேவ்கர் அருகே ரோப் கார் பழுதானது. பயணிகள் அந்தரத்தில் தொங்கினார்கள். எல்லோரையும் மீட்க 40 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 3 பேர் இறந்தார்கள். பராமரிக்கப் பணமும் ஆளும் இல்லாமல் கயிறு கட்டக் கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை.

முதலில் எது?

கொல்லிமலைக்கு ரோப் கார் வேண்டுமா என்று கேட்பதற்கு முன்னால், நான்கு கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

மலைக்காரர் கொடுக்கக்கூடிய கட்டணமா? மிளகு மூட்டையை ஏற்றுவார்களா? இறங்கும் இடத்தில் 14 நாடுகளுக்கும் பஸ் நிற்குமா? காற்றடித்து நின்றுபோகும் நாளில் பாதை நல்ல நிலையில் இருக்குமா?

நான்குக்கும் "ஆம்" என்றால் கயிறு வரட்டும். கை தட்டி வரவேற்போம்.

அதுவரை, முதல் பணம் பாதைக்கும் பஸ்சுக்கும் போகட்டும். விடியற்காலையில் ஒரு பஸ்; இரவில் ஒரு பஸ்; கடைசிக் கிராமம் வரை ஒரு நல்ல ரோடு.

விருந்தாளி ஆண்டுக்கு ஒரு தடவை மலை ஏறுகிறார். வீட்டுக்காரர் தினமும் ஏறி இறங்குகிறார். வீட்டுக்காரரின் வழி முதலில் சரியாகட்டும்!