நாற்பதைத் தாண்டியதும் நீளும் கை

நாற்பது வயதைக் கடந்த பலர் ஒருநாள் இதைக் கவனிப்பார்கள். பத்திரிகை பிடித்திருக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு விலகிப் போகிறது. மாத்திரை அட்டையிலுள்ள காலாவதித் திகதி தெரியவில்லை. ஊசியில் நூல் கோர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆனால் தூரத்தில் வரும் பேருந்தின் இலக்கம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் கண்ணில் குறையில்லை, வெளிச்சம்தான் போதாது என்று சொல்லியே ஒன்றிரண்டு வருடங்களைக் கடத்திவிடுகிறோம். நானும் அப்படித்தான். வீட்டு மின்குமிழைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

எங்கள் பெரியவர்கள் இதை வெள்ளெழுத்து என்பார்கள். இது நோயல்ல. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இளமையில் மிருதுவானது. கிட்டவுள்ள பொருளைப் பார்க்கும்போது அதைச் சூழ்ந்த சிறிய தசை சுருங்க, வில்லை தடித்து, பார்வை அந்தப் பொருளில் குவியும். வயது ஏற ஏற வில்லை இறுகிப்போகிறது. தசை சுருங்கினாலும் அது பழையபடி தடிப்பதில்லை. அறுபது வயதளவு வரை இந்த மாற்றம் கூடிக்கொண்டே போகும். கண்ணாடி போட்டதால்தான் கண் பழுதானது என்ற கதை இங்கிருந்துதான் பிறக்கிறது. போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை இறுகத்தான் செய்யும். பவர் கூடுவது கண்ணாடியின் குற்றமல்ல.

ஒத்திப்போடுவதால் இழப்பது வாசிப்பை மட்டுமல்ல. இந்தியாவின் அசாம் மாநிலத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலுமான 751 கொழுந்து பறிக்கும் தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வு 2018 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு மட்டும் முதலில் கண்ணாடி கொடுத்தார்கள். அவர்கள் பறித்த கொழுந்தின் அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது. நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்குப் பார்க்கப்படும் எமது மலையகத் தோட்டங்களிலும், தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்களிடத்திலும் இதை எண்ணிப் பார்க்கலாம். வேகம் குறைந்தால் வயது போய்விட்டது என்கிறோம். பல வேளைகளில் போனது கிட்டப்பார்வைதான்.

நடைபாதையில் விற்கும் ஆயத்தக் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனால் அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான். உங்கள் இரு கண்களும் வேறுபட்டிருந்தால் தலையிடி வரலாம். அதைவிட முக்கியமானது, அதோடு பரிசோதனை தட்டிப்போவது. கண் அழுத்த நோயான குளுக்கோமா பெரும்பாலும் வலியில்லாமல், ஓரப்பார்வையை அரித்தபடி வளரும். இழந்த பார்வை திரும்பாது. நீரிழிவும் விழித்திரையைச் சத்தமின்றிப் பழுதாக்கும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாத நாட்களில் கண்ணின் பவரே மாறி நிற்கும். அப்போது அளந்து செய்த கண்ணாடி பிறகு பொருந்தாது. ஆகவே முதற்கண்ணாடி வாங்கும் நாளை முழுக் கண்பரிசோதனை செய்யும் நாளாக்கிக்கொள்வது நல்லது.

கண்ணாடி கைக்கு வந்த பிறகுதான் அடுத்த தொல்லை. வாசிப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்தால் எதிரேயுள்ள சுவர் மங்கும், அது இயல்பு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது. மேலே தூரம், கீழே கிட்ட என்று ஒரே வில்லையில் அமைந்த 'புரோகிரசிவ்' கண்ணாடி என்றால் ஓரங்கள் நெளியும். படியிறங்கும்போது வில்லையின் கீழ்ப்பகுதியால் பார்ப்பதால் படி மங்கலாகி, இருக்குமிடம் தெரியாமல் கால் தடுமாறும். தலையை நன்றாகக் குனிந்து மேற்பகுதியால் பார்த்து, கைபிடியைப் பிடித்து இறங்குங்கள். பக்கத்திலுள்ளதைப் பார்க்கக் கண்ணை மட்டும் உருட்டாமல் முகத்தையும் திருப்புங்கள். காலையிலேயே போட்டு நாள் முழுக்க வைத்திருந்தால் பழக்கம் சீக்கிரம் வரும். பெரும்பாலானோருக்கு இரண்டு வாரம் போதும். அதற்குப் பிறகும் தலைசுற்றினால் லாச்சிக்குள் போட்டு வைக்காமல் வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள். கண்மணியின் நடு, வில்லையில் குறித்த இடத்தோடு ஒரு சில மில்லிமீற்றர் விலகினாலே இந்தத் தொந்தரவு வரும். சட்டத்தைச் சற்று வளைத்துச் சரிசெய்வதிலேயே பலருக்கு அது தீர்ந்துவிடுகிறது.