தற்காலிகம் என்னும் சொல்: கேமரன் மலை நிலவழக்கும் இடைக்காலத் தடையும்

கேமரன் மலையில் வாழும் நம்மவர் 'தற்காலிகம்' என்னும் சொல்லை இருவேறு தாள்களில் காண்கின்றனர். ஒன்று, நில அலுவலகம் வழங்கும் தற்காலிக நிலப் பயன்பாட்டு உரிமம். பேச்சு வழக்கில் 'டி.ஓ.எல்.'. மற்றொன்று, நீதிமன்றம் வழங்கும் தற்காலிகத் தடையாணை. முன்னது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுத் தலைமுறைக்கும் நீள்வதுண்டு. அப்பழக்கத்தால், பின்னதையும் 'தற்காலிகந்தானே' எனக் கருதி வாளாவிருப்பவர் நிலத்தை இழக்க நேரும்.

1885இல் வில்லியம் கேமரன் அளவைப் பணிக்கு வந்ததால் இம்மலை அவர் பெயர் பெற்றது. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறித்த தமிழர்க்கு லயத்து வீடு இருந்தது. வீட்டுக்கு உரிமை இருந்ததில்லை. தோட்டத்தை விட்டுக் காய்கறிப் பயிருக்குச் சென்றோரில் பலர்க்கும் உரிமத்தாள் ஒன்றே பற்றுக்கோடு. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அவ்வுரிமம் அவ்வாண்டு இறுதியைக் கடந்து செல்லாது; பிறர்க்கு மாற்றித்தர இயலாது; உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் முடியும். வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய நிலம் என்று வழக்குமன்றத்தில் வாதிடுவோர் முதலில் இடறுவது இவ்விடத்தில்தான்.

இனி, சொல்லுக்கு வருவோம். தமிழகத்து நீதிமன்றங்கள் 'உறுத்துக்கட்டளை' என எழுதுகின்றன. மலேசிய, இலங்கை இதழ்கள் 'தடையுத்தரவு' என்கின்றன. தடை என்பது ஒன்றைச் செய்யாதே எனல். ஆனால் இவ்வாணை சிலபோது ஒன்றைச் செய் என்றும் பணிக்கும். அடைத்த பாதையைத் திறக்கச் சொல்லுவது அவ்வகை. உறுத்துதல் என்பது அழுத்திப் பணித்தல் ஆதலின் இரண்டையும் அது தழுவும். நம் கருத்தில் அதுவே பொருத்தமான சொல். ஆயினும் லயத்து முற்றத்தில் அதைச் சொன்னால் விளங்கிக்கொள்வார் அரியர். அங்கே எல்லாமே 'ஸ்டே'தான். இக்கலப்புத்தான் இடரை விளைவிக்கிறது.

ரிங்லெட்டில் எல்லை குறித்துப் பிணங்கும் இரு குடியானவரைக் கற்பனை செய்வோம். ஒருவர் மற்றவர்க்கு அறிவிக்காமலே உயர் நீதிமன்றம் சென்று, அவர் அந்நிலத்தில் கால் வைக்கலாகாது என ஆணை பெறுகிறார். இஃது ஒருதலை ஆணை. 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 29ஆம் கட்டளைப்படி, 21 நாளில் இது தானே வலுவிழக்கும். அதற்குள் இருதரப்பையும் நீதிபதி கேட்க வேண்டும். ஆகவே ஒருதலை ஆணை பெற்றவுடன் 'மேல்முறையீடு' என்று ஓடுவது வீண். அதே நீதிமன்றத்தில் ஆணையை நீக்கக் கோருவதே முதல் வழி. ஆணை பெற்றவர் முக்கியமான செய்தியை மறைத்திருந்தால் அதுவே நீக்கத்துக்குப் போதிய காரணமாகலாம்.

இருதரப்பையும் கேட்டபின் ஆணை நிலைநிறுத்தப்பட்டால் புத்ராஜெயாவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தை நாடலாம். (மலாயில் இதற்கு 'ராயுவான்' என்பர், ராயு என்னும் அடிச்சொல்லுக்குக் கெஞ்சுதல், நயந்து கேட்டல் என்றெல்லாம் பொருளுண்டு. தமிழில் முறையிடுகிறோம், கெஞ்சுவதில்லை.) கெடு ஒரு மாதம். அது தாள் கைக்கு வந்த நாளிலிருந்தன்று, ஆணை உரைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும்.

அங்கே நிலம் யாருடையது என்பது ஆராயப்படாது. அது முதன்மை வழக்கின் பொருள். விசாரிக்கத்தக்க வினா உண்டா, ஆணை தருவதால் விளையும் அநீதி பெரிதா, தராததால் விளைவது பெரிதா, பணத்தால் ஈடுசெய்ய இயலுமா என்பனவே கீழ் நீதிபதி எடைபோட வேண்டியவை. இங்கிலாந்தின் 1975ஆம் ஆண்டு அமெரிக்கன் சயனமிட் தீர்ப்பும், அதனைத் தழுவி இந்நாட்டில் 1995இல் வெளியான கீட் ஜெரால்டு தீர்ப்பும் இவற்றை வகுத்தன. எடைபோடுதல் அந்நீதிபதியின் உளத்தேர்வுக்கு உட்பட்டது. மேல்மன்றம் தான் வேறுவகையில் தீர்த்திருப்பேன் என்பதற்காக அதனைக் கலைக்காது; சட்டநெறி பிறழ்ந்ததா, சான்று தவறாகக் கொள்ளப்பட்டதா என்றே நோக்கும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1990இல் வாண்டர் வழக்கில் இதையே கூறிற்று.

'ஸ்டே' என்னும் சொல் உண்மையிலேயே வேண்டப்படும் இடங்கள் இரண்டு. முதலாவது, மேல்முறையீடு தாக்கல் செய்ததனால் மட்டும் தடையாணை நின்றுவிடாது. 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின் 73ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. நிறுத்திவைப்பைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். பெறுமுன் வயலில் இறங்கி முட்டைக்கோசு அறுத்தவர் நீதிமன்ற அவமதிப்புக்கு ஆளாவார். இரண்டாவது, எதிர்த்தரப்பு பகாங் மாநில அரசாக இருத்தல். அரசுக்கு எதிராகத் தடையாணை இல்லை என்கிறது 1956ஆம் ஆண்டு அரசு வழக்குகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு. வெளியேற்ற அறிவிப்பு பெற்றவர் 3 மாதத்துக்குள் நீதிப் புனராய்வுக்கு அனுமதி கோரி, அதனுடன் நிறுத்திவைப்பையும் கேட்பதே வழி.

இன்னொரு சொல்லையும் மாணவர் அறிந்திருத்தல் நலம். தடையாணை கோருபவர், வழக்கில் தோற்றால் எதிர்த்தரப்புக்கு நேர்ந்த இழப்பைத் தாம் ஈடுசெய்வதாக நீதிமன்றத்தில் உறுதி கூறுதல் வழக்கம். அதனை 'இழப்பீட்டு உறுதிமொழி' எனலாம். தடையாணையால் அறுவடையை இழந்தவர் அவ்விழப்பை மாதவாரியாகக் குறித்து வைத்திருந்தால், அவ்வுறுதிமொழியைக் கொண்டு பின்னர்ப் பணம் கேட்கலாம்.