இருளில் எழும் வடிவங்கள்

நுழையும்முன்

ஒளியால் வரையப்படுவது ஒளிப்படம். ஒளி படாத பகுதியைக் கொண்டே ஒரு பொருளை அடையாளம் காட்டும் ஒளிப்படமும் உண்டு. அதனை நிழலுருப் படம் என்பர். செயற்கை மின்னல் ஒளியின்றி, கிடைக்கும் ஒளியை மட்டும் கொண்டு அந்தியிலும் இரவிலும் அதனை எடுக்கும் முறையைத் தஞ்சை மண்ணின் காட்சிகள் வழியே இப்பாடம் விளக்குகிறது.

நிழலுரு தோன்றும் முறை

ஒரு பொருளின் பின்புறம் ஒளி மிகுந்தும் முன்புறம் குறைந்தும் இருக்கும்போது நிழலுரு தோன்றுகிறது. வெளிச்சத்தையும் இருளையும் ஒருங்கே காணும் ஆற்றல் மனிதக் கண்ணுக்கு மிகுதி. கருவிக்கு அது குறைவு. வானத்தின் ஒளிக்கேற்பக் கருவியை அமைத்தால், முன்னிற்கும் பொருள் முற்றிலும் கருமையாகப் பதிவாகும். நிறமும் நுண்விவரமும் மறைய, புறக்கோடு மட்டும் எஞ்சும்.

பெரிய கோயிலின் இரு காட்சிகள்

முதலாம் இராசராசன் எழுப்பி, 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு நோக்கியது. ஆகவே, மாலையில் கிழக்கு வாயில் வழியே நுழைவோர்க்குக் கதிரவன் மறையும் வானம் விமானத்தின் பின்னே அமைகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரமும் பதின்மூன்று தளங்களும் கொண்ட விமானம், படிப்படியாகக் குறுகி உச்சியை அடையும் அழகு அப்போது தனித்துத் தெரியும்.

ஒளிவிளக்குகள் ஏற்றப்பட்டபின் காட்சி தலைகீழாகிறது. ஒளி பெற்ற விமானம் திரையாகிறது. அதன்முன் நடப்போர் நிழலுருக்களாகின்றனர். முழுநிலவு நாளில் கதிரவன் மறையும் வேளையையொட்டிக் கீழ்வானில் நிலவு எழும். அதனை விமானத்தின் பின்னணியில் காண விரும்புவோர் மேற்குப்புறம் நிற்றல் வேண்டும்.

கருவியைக் கையாளுதல்

தானியங்கு முறையில் கருவி, காட்சி முழுவதையும் நடுத்தர ஒளிக்குக் கொண்டுவர முயலும். அதனால் வானம் வெளுத்து, கருமையும் சாம்பல் நிறமாகும். இதனைத் தவிர்க்க, வானத்தின் ஒளியை அளந்து, ஒளிப்பதிவை ஓரிரு படிகள் குறைக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒளி பாதியாகும். திறன்பேசியில், திரையில் தெரியும் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் போதும். இருண்ட பகுதிகளுக்கு ஒளியூட்டும் இரவுப்படமுறையை நிறுத்திவைத்தல் நன்று.

ஒளி குறையக் குறையத் திறப்புநேரம் நீளும். கை அசைந்தால் படம் கலங்கும். முக்காலியோ உறுதியான ஒரு மேடையோ தேவை. ஆயினும், நிலவு தன் விட்டத்தின் அளவை வானில் கடக்க ஏறத்தாழ 2 நிமிடமே ஆகும். ஆதலால் நிலவுப் படத்திற்கு மிக நீண்ட திறப்புநேரம் பொருந்தாது.

சமவெளியின் கொடை

காவிரிப் படுகையில் மலைகள் வானத்தை மறைப்பதில்லை. நடவுக்கு நீர் நிறுத்திய வயல் வானொளியை எதிரொளித்து, இரண்டாம் வானமாகிறது. வரப்பில் நடப்பவரைப் படமெடுக்கக் கருவியைத் தாழ்த்திப் பிடித்தால், உருவம் அடிவானத்தின் மேலெழுந்து நிற்கும். இருவர் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியாதவாறு இடைவெளி விடுதல், பக்கவாட்டுத் தோற்றத்தைத் தேர்தல் ஆகியன புறக்கோட்டைத் தெளிவாக்கும். இங்குக் கதிரவன் மறைந்தபின் நல்ல அந்தியொளி ஏறத்தாழ 20 நிமிடமே நீடிப்பதால் முன்னேற்பாடு இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

1858இல் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒரே நீள்சுருளாக இணைத்தார். அவர் படங்கள் எழுத்தைக் காத்தன. நிழலுருவோ வடிவத்தைக் காட்டுகிறது.

மறைப்பதும் காட்டுவதும்

நிழலுரு முகத்தை மறைக்கிறது. தம் முகம் வெளிப்படுவதை விரும்பாதோர்க்கு அது காப்பு. ஆனால், நாள்முழுதும் குனிந்து நாற்று நட்ட பெண்ணின் களைப்பும் அதனோடு மறைந்துவிடும். உழைப்பு வெறும் அழகாகத் தோன்றிவிடும். எதை மறைக்கலாம், எதை மறைக்கலாகாது என்று தெளிந்தபின் கருவியை இயக்குவதே ஒளிப்படக் கலைஞரின் அறம்.